ரேஷன் கடை ஹேமாவதியும் இருபத்தெட்டு விநாடி வீடியோவும்

எங்கள் பட்டாபிராம் ரேஷன் கடையில் பில் போடுகிறவள் ஹேமாவதி. பொங்கல் பரிசு கொடுக்கும் நாட்களில் அவளைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் கார்டு, கைரேகை மெஷின் ஒன்று, சாமான் எடுத்துக் கொடுக்க வேம்புலி என்ற ஒரே ஆள். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தால் முதல் மணி நேரத்திலேயே மெஷினைத் தூக்கி எறிந்திருப்பேன். அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் எனக்குப் பெயரே பட்டாசு ஜெகதீசன்.

அவளுக்கும் கோபம் வரும். போன பொங்கலுக்கு வந்தது. "மனுசனா நீ? வெளிய போய்யா!" என்று கத்தினாள். அதை யாரோ வீடியோ எடுத்து எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போட, ஊரெல்லாம் சுற்றி அவளுக்கு மெமோ வந்தது. இன்னொரு புகார் வந்தால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாற்றிவிடுவார்களாம். புருஷன் இல்லாதவள், ஏழாவது படிக்கிற பெண்ணை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போய் வருவாள் என்று வேம்புலி டீக்கடையில் புலம்பினான்.

யாரோ என்ன யாரோ, எடுத்தவன் நான்தான். என் மகளுக்குத் தலைப்பொங்கல், நீளமான கரும்பாக வேண்டும் என்று கட்டை அவிழ்த்துப் பதினோரு கரும்பை உருவித் தரையில் போட்டேன். இரண்டு முறிந்தது. "வேணாம்ணா" என்று மூன்று தடவை தன்மையாகத்தான் சொன்னாள். அதெல்லாம் வீடியோவில் இல்லை. அவள் கத்த ஆரம்பித்த பிறகுதான் போனைத் தூக்கினேன். இருபத்தெட்டு விநாடி.

இந்த வருஷம் என் டோக்கன் பதினோரு மணிக்கு. பன்னிரண்டரைக்கும் எனக்கு முன்னால் ஒன்பது பேர். வரிசையில் முதலில் நின்ற நாகவல்லியம்மாவுக்கு ரேகை விழவே இல்லை. வீட்டுவேலை செய்கிறவர். நான்காவது தடவையும் மெஷின் கத்தியது.

"இன்னா ஆயா, பாத்திரத்தோட சேத்து ரேகையையும் தேச்சுட்டியா? விரல தலையில நல்லா தடவி வை. எண்ணெ கீதுல்ல?" என்றாள் ஹேமாவதி. அந்தம்மாவே சிரித்துவிட்டார். ஆறாவது தடவை விழுந்தது.

அடுத்த ஆள் எகிறினார். "பத்து மணி டோக்கன்மா இது!"

"எனக்குந்தான் ஒரு மணிக்கு சாப்பாடுன்னு எழுதிகீது சார். மெஷினு ரெண்டு பேரையும் மதிக்கலியே."

கரும்பு குட்டை என்று ஒரு பெண் திருப்பிக் கொண்டுவந்தாள். "யக்கா, இதுல ஏறி மாடிக்கா போவப் போற? பொங்கப்பானை பக்கத்துல நிக்கிற உசரம் போதாதா?" வரிசையே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் அவள் இடது கையை இறுக்கி மூடியிருந்தது பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெரிந்தது.

எனக்கு முன்னால் ஞானசேகரன், ஓய்வு பெற்ற மனிதர். பில் போட்டதும் நேராகக் கரும்புக்கட்டுக்குப் போனார். ஒன்றை உருவினார், கீழே போட்டார். இன்னொன்று. இன்னொன்று. "சார், வேணாம் சார், ஒடையும்" என்று வேம்புலி கெஞ்சினான். அவர் கேட்கிற ஜாதியாகத் தெரியவில்லை. ஹேமாவதி எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. உடனே அவர் போனை எடுத்து நீட்டினார்.

"பேசு! போன வருஷம் பேசினியே, இப்ப பேசு பாக்கலாம்!"

போச்சு, இவள் வாயைத் திறந்தால் கும்மிடிப்பூண்டிதான் என்று நினைத்தேன். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மூடியை மெதுவாகத் திருகினாள்.

"எடுங்க சார். ஆனா மொதல்லேந்து எடுங்க. கீழ நீங்க போட்ட கரும்பையும் சேத்து எடுங்க. போன வருசம் எடுத்தவரு பாதியிலேந்து எடுத்துட்டாரு, கதையே புரியல."

வரிசை மறுபடி சிரித்தது. பெரியவர் அசடு வழிந்தபடி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையிலிருந்த கரும்போடு நடையைக் கட்டினார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

என் முறை. கார்டை வைத்தேன். விரல் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "ஏம்மா, போன வருசம் அந்த வீடியோ எடுத்தது நான்தான். தப்புதான். மன்னிச்சிரும்மா."

ஏதாவது கிண்டலாகச் சொல்லுவாள், சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்ணா" என்றாள். சிரிக்கவில்லை. "எம்பொண்ணு கிளாஸ்ல அதப் போட்டுப் பாத்தாங்களாம். ஒரு வாரம் இஸ்கூலுக்கே போவல அது. விரல் வைங்க."

வைத்தேன். முதல் தடவையிலேயே விழுந்தது.

ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். "எங்கிட்ட எதுக்குண்ணா மன்னிப்பு? அந்த குரூப்புல சொல்லுங்க." பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அடுத்தது யாரு, வாங்க" என்றாள்.

வேம்புலி நீட்டிய கரும்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். குரூப்பில் இருநூற்றுப் பத்துப் பேர். என் சம்பந்தியும் இருக்கிறார், மாப்பிள்ளையும் இருக்கிறார். கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கேயே வெயிலில் நின்று, பதினோரு கரும்பை உருவிப் போட்டதிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.