நாலாவது ஆளின் போர்டு

சோபாக்காவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் அவள் நினைவு வராது. மேடையில் பாடுகிற பாடகி வருவாள், ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்கியவள் வருவாள், அதே தெருவில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பிரசவ டாக்டர் வருவார். மூன்று பேருக்கும் ஒரே பெயர். நாலாவதாக அதே பெயரோடு, பிய்ந்த சோபாவுக்குப் பஞ்சும் ஸ்பிரிங்கும் மாற்றித் தைத்துக்கொண்டிருப்பவள் இவள். "யாரு, அந்தப் பாட்டுக்காரி பேரா?" என்று கேட்டுக் கேட்டே இவளுக்குக் காது புளித்துவிட்டது. பெயர் என்ன, அவர்கள் வீட்டுச் சொத்தா?

அந்த எரிச்சலில்தான் கடை வாசலில் தன் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டினாள். அதோடு விட்டாளா? எந்த நாற்காலியைத் தைத்தாலும், துணியை இழுத்து மூடும் முன் உள்ளே மரச்சட்டத்தில் பெயரை எழுதிவிடுவாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கணவர் கேலி செய்வார். எழுதாவிட்டால் அவளுக்கு வேலையே ஓடாது.

வம்பு அந்த போர்டால்தான் வந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கோ, "சோபா அமுங்கிப்போச்சு, எப்ப வந்து பாப்பீங்க?" என்று போன்மேல் போன்.

டாக்டரின் நாற்காலியைத் தைக்கக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி மேனேஜர், அதை எடுத்துப்போக வந்தார். உட்கார்ந்து பார்த்தார்.

"பிரமாதம்மா! எங்க மத்த நாற்காலி எல்லாம் இனி உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, அந்த போர்டுல பேரை மாத்திடுங்க. டாக்டரம்மா எவ்வளவு பெரிய ஆளு!"

கடை ஈயோட்டிக்கொண்டிருந்த மாதம் அது. கணவர் அவள் காதோரம் குனிந்தார். "பேருதானே, விட்டுத் தொலையேன்."

சோபாக்காவுக்குச் சுருக்கென்றது.

"டாக்டரம்மாவுக்கு என்ன வயசு?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

"நாப்பது இருக்கும். ஏன்?"

"எனக்கு அம்பது. இந்தப் பேரு எனக்குத்தான் முதல்ல வச்சாங்க. குழப்பமா இருந்தா அவங்க மாத்திக்கட்டும்."

மேனேஜர் முகம் கறுத்தது. "மத்ததுக்கு வேற ஆள் பாத்துக்கறோம்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"வீடு தேடி வந்த வேலையை எட்டி உதைச்சிட்டியே!" கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவள் ஈரத்துணியை எடுத்தாள்.

"ஏணியைப் பிடிங்க. போர்டுல தூசி அப்பிக் கிடக்கு."

முணுமுணுத்தாலும் பிடித்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தித் துடைத்தாள்.

"அந்த டாக்டரம்மா நாற்காலியிலயாவது எழுதாம விட்டியா?"

"விடுவேனா? கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன்."

"தெரிஞ்சா பிரிச்சு அழிச்சிடுவாங்கடி!"

"பிரிக்கட்டும்" என்றாள் மேலிருந்து. "திரும்பத் தைக்க இந்த போர்டைப் பாத்துத்தான் வரணும்."