மடித்து வைத்த துணி

மருமகன் கதவுக்கு எண்ணெய்ச் சாயம் பூசிவிட்டு, கை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிற்றைப் போல இளஞ்சூடு. அந்தச் சூட்டை முன்பே ஒருமுறை தொட்டவள் நான்.

மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் ஓடிய காலம். சிங்கப்பூர்த் தேக்காவில் மாட்டுத் தொழுவங்களை ஒட்டி, சாயத்துக்கு எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் கல் அரைத்தேன். ஆளிவிதை எண்ணெயைச் சும்மா பூசினால் காய நாலைந்து நாள் ஆகும். ஒருவகைக் கறுப்புக் கல்லைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சினால் சீக்கிரம் காயும். பொடி பெரும்பாலும் அடியில் அப்படியே தங்கிவிடும். எண்ணெயைச் சீக்கிரம் காய முடுக்கிவிடும், அவ்வளவுதான். எண்ணெய் காய்ச்சும் மேஸ்திரி சொல்வார்: "வழவழன்னு இருக்கிற கல்லு சோம்பேறி, தாயி. சொரசொரன்னு உடைஞ்சதுதான் வேலை செய்யும். ஆனா ரவைப் பதத்தோட நிறுத்து. மையா அரைச்சா எண்ணெய் தொடுற இடம் கூடிப்போகும். அப்புறம் நம்ம பேச்சக் கேக்காது."

ரவைப் பதமா! என் கைக்கு அது இழுக்காகப் பட்டது. கண்ணுக்கு இடுகிற மை போல அரைத்துக் கொடுத்தேன். பூசிய பலகை மாலைக்குள் காய்ந்தது. முதலாளி புகழ்ந்தார். மேஸ்திரி மட்டும் பலகையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து எண்ணெய் வடிகட்டிய துணிகளைத் தாமே ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்தார். "ஒண்ணுமேல ஒண்ணு போடாதே. எண்ணெய் காயக் காய உள்ளுக்குள்ளயே சூடேறும்."

"துணிக்குக் காய்ச்சலா மேஸ்திரி? கசாயம் வச்சுத் தரட்டா?" என்றேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் முதலாளி வீட்டம்மா கொட்டகையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிசுக்குத் துணி தொங்கினால் பெண்பிள்ளைகள் எங்களைத்தானே குறை சொல்வார்கள்? எல்லாவற்றையும் எடுத்து, சேலை மடிப்பது போல மடித்து, சாக்கில் அடுக்கி மூலையில் வைத்தேன். உச்சி வேளையில் ஒரு காந்தல் வாடை. சாக்கைத் தொட்டேன்; இளஞ்சூடு. வெயில் சூடு என்று திரும்பிவிட்டேன். அந்த மூலையில் வெயிலே படாது.

வாடை பிடித்து ஓடிவந்த மேஸ்திரி, பக்கத்து எண்ணெய்ப் பீப்பாய்களைப் பார்த்தார். சாக்கை வாரிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். வெளிக்காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. கொட்டகை தப்பியது. அவருடைய வலது கை வெந்து போயிற்று.

"எந்தக் கழுதைடா மடிச்சது?" என்று முதலாளி கத்தினார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

"நாந்தாங்க" என்றார் அவர். அன்றே வேலை போயிற்று. அந்தக் கையோடு எங்கே போனாரோ, என்ன சாப்பிட்டாரோ.

மருமகன் போட்ட துணியை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். "மடிச்சது நாந்தான்" என்று வாயில் வந்துவிட்டது.

"நீங்க எங்க மடிச்சீங்க அத்தை? சுருட்டிப் போட்டது நான்லா" என்றார் அவர்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.