மின்சாரம் உள்ளவரை ஒரு வட்டு

கள்ளக்குறிச்சியில் கணினி பழுதுபார்ப்பவர் அவர். மெலிந்த உடல், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பிறர் பொருள் எதையும் தொடுமுன் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

கல்வராயன் மலைப் பெண்களோடு என் மனைவி பேசிப் பதிவுசெய்தவை அனைத்தும் அவளது மடிக்கணினியில் இருந்தன. அவள் மறைந்த இரண்டாம் மாதம் அதன் வட்டு பழுதாயிற்று. வேறு பிரதி இல்லை.

நான் கொண்டுபோனதும் அவர் வட்டைக் கழற்றித் தம் கணினியில் இணைத்தார்.

“இது ஒரு தபா காப்பி பண்ணத்தான் தாங்கும், சார். பென்டிரைவ் ரொம்ப ஸ்லோ, என் டிஸ்க்குலயும் எடமில்ல. கம்ப்யூட்டர் மெமரியிலயே ஒரு டிஸ்க் உண்டாக்கி, மொதல்ல அதுல வாங்கிக்கலாம்.”

அவருடையது யூனிக்ஸ் வகை இயங்குதளம். ஒரு வரி தட்டினார். எங்கும் இல்லாத வட்டொன்று திரையில் தோன்றியது.

“கரண்ட் போனால்?”

“அதுவும் பூடும். யூபிஎஸ் வேற ரிப்பேரு.”

உடனே பக்கத்து ஜூஸ் கடையை நோக்கிக் குரல் கொடுத்தார்: “அக்கா, மிக்சி போடாதீங்க! லைன் ட்ரிப் ஆவும்.”

“இன்னாப்பா, வெயில் நேரத்துல? கையால புழிஞ்சு குடுக்கவா?”

“செத்துப்போன ஒரு அம்மா கொரலு உள்ள கீதுக்கா.”

அதன்பின் அந்த அக்கா பழங்களைக் கையாலேயே பிழிந்தார்.

பிரதி முடிந்ததும் ஒரு பதிவைத் திறந்துவிட்டு அவர் வெளியே போய் நின்றார். “சாமை எப்போ விதைப்பீங்க?” என்று என் மனைவி சிரித்தபடி கேட்டாள்.

பிறகு அனைத்தையும் பென்டிரைவில் ஏற்றித் தந்தார். மெமரியிலிருந்த வட்டை நீக்கும் கட்டளையைத் தட்டுமுன், உள்ளங்கைகளை மீண்டும் துடைத்துக்கொண்டார். அங்கே தொடுவதற்கு என்ன இருந்தது என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.