அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றவள்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

வெள்ளாங்குளத்தில், வாடைக்காற்றோடு மழை பிடித்திருந்த ஒரு மாரியில் என் தங்கச்சி பிறந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைக் குளிர் படாமல் அறைக்குள் வைத்திருப்பார்கள். கட்டிலின் கீழே ஒரு சட்டியில் சிரட்டைக் கரித் தணல் இருக்கும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த நீக்கல்களில் எல்லாம் பெரியம்மா சாக்கைத் திணித்தார். புகையே இல்லாத நல்ல தணல் என்று அவருக்கு ஒரு பெருமை.

சில நாளில் அம்மா தலை வெடிக்கிறது என்றார். நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதாகச் சொன்னார். பிறகு, அலுமாரிக்குப் பக்கத்தில் ஈரத்தலையோடு ஒருத்தி நின்று தன்னைப் பார்ப்பதாகச் சொன்னார். வெளியே குளிக்கப் போனால் எல்லாம் தெளிந்துவிடும். உள்ளே வந்தால் அவளும் வந்துவிடுவாள்.

“அது அறையிலதான் குடியிருக்குது,” என்று பெரியம்மா தணலைக் கூட்டி, சாம்பிராணியும் போட்டார்.

“மச்சாள், இந்தப் புகைக்குப் பேய் நிக்குமோ தெரியாது, நான் போறன்,” என்றார் அப்பா.

“போங்கோ. உங்களைப் பிடிக்க எந்தப் பேய் வரும்?”

ஒரு மத்தியானம் பாக்குவெட்டியைக் கையில் தந்து என்னை அம்மாவுக்குக் காவல் வைத்தார்கள். பேய்க்கு இரும்பு ஆகாதாம். கதவைத் தாழ் போடாமல் வெளியே இருந்து சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் தலை கனத்தது. அலுமாரிப் பக்கம் பார்த்தேன். நின்றாள். அவளுடைய தலைமயிரிலிருந்து நீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. தங்கச்சி அழாமல் கிடந்தாள்.

“தம்பி, அவ பிள்ளையைத் தூக்கப் போறா,” என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். “நீ தூக்கிக்கொண்டு ஓடு. என்னைப் பாராதை.”

தூக்கினேன். காலுக்குக் கீழே தரை மெத்தைபோல அமிழ்ந்தது. கதவோடு மோதி முற்றத்தில் விழுந்தேன். தங்கச்சி துணிப்பொட்டலம்போலக் கிடந்தாள். முகத்தில் மழை விழுந்த பிறகுதான் அழுதாள்.

“பச்சைப் பிள்ளையை மழைக்குள்ள கொண்டந்திட்டியே, அறுவானே,” என்று பெரியம்மா முதுகில் ஒன்று வைத்தார். அப்பா உள்ளே ஓடி அம்மாவைத் தூக்கி வந்தார். அம்மா குடித்த கஞ்சியெல்லாம் சத்தி எடுத்தார். திறந்த கதவால் அவள் போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதவைச் சாத்த விடவில்லை. அவள் திரும்பி வரவுமில்லை.

என் மனைவிக்குப் பிள்ளை கிடைத்தபோது வீடு பார்க்க வந்த மருத்துவமாது, கட்டிலின் கீழே தணலைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

“மூடின அறைக்குள்ள இது நஞ்சு. இதிலயிருந்து வாற காத்து மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலையிடிக்கும், இல்லாத உருவமெல்லாம் தெரியும். பிறகு கைகால் எழும்பாது. சிலபேர் அப்பிடியே போயிடுவினம்.”

நான் “ஓம்” என்று மட்டும் சொல்லி, சட்டியை வெளியே கொண்டுபோனேன்.

அம்மா ஏன் அன்று எங்களோடு ஓடி வரவில்லை என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. அந்தப் பெண்ணை மறித்து வைத்திருக்கத்தான் பின்னுக்கு நின்றார் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகவும் சொன்னேன். அம்மாவால் எழும்ப முடியவில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

எழுதியது: ஐப்பசி, கடைசிச் செவ்வாய்.