சிப்பலில் வளர்ந்த அரச மரம்

ஆரணியில் நான் வாங்கிய பிரஷர் குக்கர் என் சமையலை மாற்றியதோ இல்லையோ, ஒரு சிப்பலுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. சிப்பல் என்பது சோறு வடிக்கிற பாத்திரம், அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட அலுமினியக் கிண்ணம். குக்கர் சோற்றில் வடிக்கக் கஞ்சி ஏது? ஒரு பொருள் சும்மா கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று ஏற்கெனவே ஒரு திட்டமும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக மாற்றலாகி வந்திருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போனபோது, முழ உயரப் புளிய மரம் ஒன்றைப் பார்த்தேன். தட்டில் நின்றுகொண்டு காய்த்துத் தொங்கியது. போன்சாய் என்றார்கள். வளர்த்த அம்மாவை நான் விடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டதில், அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிப்பலை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கன்று இருந்தது. தட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று வருஷம் இதில்தான் வளர்ப்பாராம். தொட்டியில் வைத்தால் வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரும். சிப்பலில் ஓட்டைக்கு வந்ததும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து நின்றுவிடும், பின்னாலிருந்து சல்லி வேர்கள் கிளைக்கும் என்றார். நான் நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது என் சுபாவம். என் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் குடியிருந்தது ஒரு பட்டு நெசவாளரின் வீட்டு மாடியில். கீழே அவரும் அவர் மனைவியும். அந்த அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு முறை கரு தரித்து, இரண்டு முறையும் ஆறாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இது மூன்றாவது.

புரட்டாசியில் ஒரு நாள் கீழே கணவன் மனைவிக்குள் சண்டை. போய்ப் பார்த்தேன். தறிக்கு நேர் மேலே, சுவரின் வெளிப்பக்க வெடிப்பில் ஒரு அரசங்கன்று முளைத்து, ஒன்றரைச் சாண் உயரம் வந்திருந்தது.

“மழ வந்தா அந்த வெடிப்புல தண்ணி எறங்கி நூல் மேலயே சொட்டுது. பட்டுங்க இது! வெட்டிப் போட்டா ஒரு நிமிசம். உடமாட்டேன்னு நின்னுகினு இருக்கா. ஒரே பேஜாராப் போச்சு” என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தார். “மாசமா இருக்கிறவ வூட்ல அரச மரத்து மேல கத்தி படக் கூடாதுங்க டீச்சர். ரெண்டு தபா போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்.”

பிடுங்கி வேறிடத்தில் நட்டாலும் அது செத்துவிடக் கூடாது. வீட்டிலும் அரச மரம் வளரக் கூடாது என்றார் அக்கா. இப்படியும் கூடாது, அப்படியும் கூடாது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. மாடிக்கு ஓடிப்போய்ச் சிப்பலைக் கொண்டுவந்து காட்டி, கண்காட்சியில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன்.

அக்கா சிப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத செங்கல் மேல தூக்கி வெச்சிடுவீங்க. அப்போ வேரு தரையில படாது?”

“படாது.”

“தரையில வேரு படலன்னா வூட்ல வளருதுன்னு சொல்ல முடியாது இல்ல?” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். எந்த வக்கீலும் இதைவிடச் சரியாகப் பேசியிருக்க மாட்டார்.

மூன்று நாள் மாலையில் சுவரை நனைத்து நனைத்து, பழைய சுண்ணாம்புக் காரையை ஆணியால் சுரண்டினோம். ஒரு முழ நீளத்துக்கு வேர், ஒரு இடத்திலும் அறுபடாமல் வந்தது. செங்கல் பொடியும் ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து, வேரைச் சுருட்டிச் சிப்பலில் வைத்து, மொட்டை மாடியில் இரண்டு செங்கல் மேல் நிறுத்தினேன். அடர்த்தியாகக் கிளைக்கட்டும் என்று கொழுந்தைக் கிள்ளப் போனபோது, “நகமும் படக் கூடாது” என்று அக்கா தடுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான். போன்சாய் வளர்க்கும் லட்சணமா இது?

இரண்டு மாதத்தில் ஓட்டைகளில் வெள்ளை நுனிகள் எட்டிப் பார்த்தன. தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் குனிந்து எண்ணுவேன். எட்டிப் பார்த்தவை நாலு நாளில் பழுப்பாகிக் காய்ந்து அங்கேயே நின்றன. பக்கத்தில் மண்ணை லேசாக விலக்கினால், காய்ந்த நுனிக்குப் பின்னால் மூன்று நான்கு புது வேர்கள்! அந்தக் கண்காட்சி அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். வீட்டுக்காரரைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். “ஒரு இழை நின்னா நாலு இழை பிரியுது” என்று அவரும் குந்திக்கொண்டார். அன்று தறி ஒரு மணி நேரம் ஓடவில்லை.

தை மாதம் வளையல் போட்டு, அக்காவைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். படவேட்டுப் பக்கம், பஸ் அதிகம் இல்லாத ஊர். போகும்போது என்னிடம், “மரம் எப்படி இருக்குதுன்னு ஒரு லெட்டர் போடுங்க. அது ஒண்ணு போதும் எனக்கு” என்றார்.

மாசி பிறந்ததும் மரம் மஞ்சளானது. ஒரே வாரத்தில் எல்லா இலையும் கொட்டி, வெறும் குச்சி நின்றது. தண்ணீர் அதிகமோ, குறைவோ, அலுமினியம் சுட்டுவிட்டதோ? நிழலுக்கு மாற்றினேன், மறுபடி வெயிலுக்கு மாற்றினேன். மூடநம்பிக்கை பற்றி வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவள், குச்சியைப் பார்த்துப் பார்த்து நடுங்கினேன். மரம் போனால் குழந்தையும் போய்விடும் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. இன்லண்ட் லெட்டர் எடுத்து, ‘மரம் புது இலை விட்டுப் பச்சைப் பசேலென்று இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று எழுதிப் போட்டேன்.

பங்குனியில் குச்சி முழுக்கச் செம்பு நிறத்தில் துளிர். அடுத்த வாரமே பெண் குழந்தை பிறந்த செய்தி. தெருவில் நின்று அழுதேன்.

மூன்றாம் மாதம் அக்கா குழந்தையோடு வந்தார். நேரே மாடிக்கு வந்து மரத்தைப் பார்த்தார், சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வருசா வருசம் மாசியில எங்க ஊரு ஏரிக்கரை அரச மரம் மொட்டையா நின்னுகினு இருக்குது. உங்க லெட்டர்ல பச்சைப் பசேல்னு எழுதி இருக்கீங்க. மரம் செத்துப்போச்சு, டீச்சர் மறைக்கிறாங்கன்னு நெனைச்சிட்டேன். ரெண்டு நாள் சோறு எறங்கல டீச்சர். அப்புறம் அவரு வந்து, எல மட்டும்தான் உதுந்துச்சு, குச்சி உசுரோடதான் இருக்குதுன்னு சொன்ன பிறகுதான் தண்ணியே குடிச்சேன். எல கொட்டிடுச்சுன்னு நீங்க நெசத்த எழுதியிருந்தீங்கன்னா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.”

பார்த்ததை அப்படியே எழுது என்று பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதுகிறவள் நான். தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன்.

“அத்த உடுங்க. பயந்துட்டீங்க” என்று குழந்தையை என் கையில் கொடுத்தார் அக்கா. “கழுத்தப் புடிங்க டீச்சர், தல தொங்குது பாருங்க.”