கைக்கு எவ்வளவு?

எங்கள் ஆட்கள் யாரும் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதில்லை. "கைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போய்ப் பழகிய சனம் நாங்கள். மாதக் கடைசியில் வீட்டுக்கார சிஞ்ஞோரா, அதுதான் எசமானியம்மா, மேசையில் எண்ணி வைக்கிற காசுதான் எங்களுக்குச் சம்பளம். பேசுகிற தொகை ஒன்று, கைக்கு வருகிற தொகை வேறொன்று என்பதெல்லாம் யாருடைய மண்டையிலும் ஏறியிருக்கவில்லை. என் மண்டையில் சுத்தமாக ஏறியிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் போட்ட வேலை. சுகமில்லாமல் படுத்தாலும் சம்பளம் உண்டு, விடுமுறைக்கும் உண்டு. மாதம் பதினாறரை இலட்சம் லீரா என்றார்கள். லீராவில் எல்லாமே பெரிய கணக்குத்தான், ஒரு கோப்பி குடிக்கவே ஆயிரத்துக்கு மேல் வேண்டும். ஆனாலும் பதினாறரை இலட்சம் என்றால் சிஞ்ஞோரா வீட்டில் நான் கனவிலும் காணாத காசு. நானும் சும்மா இருக்காமல் மாதா கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் "கைக்குப் பதினாறரை" என்று சொல்லித் திரிந்தேன்.

முதல் மாதச் சம்பளத்தோடு ஒரு கடதாசியும் தந்தார்கள். பூஸ்தா பாகா என்பார்கள், சம்பளக் கடதாசி. நான் கடதாசியைப் பார்க்கவில்லை, காசை எண்ணினேன். பன்னிரண்டரை இலட்சமும் சொச்சமும் இருந்தது. ஐயோ மாதாவே, மிச்சம் எங்கே? ஈரக் கையோடு கணக்குப் பிரிவுக்குப் படியேறிப் போய், அங்கே இருந்த கணக்குக்கார சிஞ்ஞோராவிடம் எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதில் பாதி, சந்தையில் மீன்காரர்களிடம் பொறுக்கிய வசவு. அந்த மனுசி கோபிக்கவில்லை. கடதாசியின் மேற்பக்கம் விரலை வைத்து, "இது லோர்தோ, பேசின சம்பளம்" என்றார். அடியில் விரலை வைத்து, "இது நெத்தோ, கைக்கு வருவது" என்றார். இடையில் போனது ஓய்வூதியக் காப்புறுதிக்கும் வருமான வரிக்கும். "நாங்கள் எடுக்கவில்லை. அரசாங்கம் எடுத்தது. என்னிடமும்தான் எடுக்கிறது" என்று மேசை லாச்சியை இழுத்துத் தன் கடதாசியையும் காட்டினார். என்னைவிட அவருக்குக் கூட வெட்டியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

என் கணவர் அந்த வருடம்தான் என் வதிவிடப் பத்திரங்களைக் காட்டி இங்கே வந்து சேர்ந்திருந்தார். மன்னாரில் சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். அகராதியை வைத்துக்கொண்டு இத்தாலியனை வாசிக்கப் பழகிவிட்டார், பேச்சுத்தான் வராது. வேலையும் கிடைக்கவில்லை. சிஞ்ஞோராமாருக்கு வீட்டு வேலைக்குப் பெண்கள்தான் வேண்டும். ஆகவே நான் வேலைக்குப் போக, அவர் சமைத்தார், தோய்த்தார், கூட்டினார். நல்லாகவே செய்தார். அவர் வைக்கிற மீன் குழம்பு எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் வெளியே யாராவது கேட்டால் மட்டும், துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் எழுத்து வேலை என்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

அப்போது நாங்கள் போர்கோ வெக்கியோவில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். அவர்களுக்கு அறை, எங்களுக்குக் கூடத்தில் பாதி, நடுவில் ஒரு திரைச்சீலை. நல்ல சனம், குறை சொல்லமாட்டேன். ஆனால் வருடக்கணக்காகப் பிரிந்திருந்துவிட்டுச் சேர்ந்த புருசன் பெண்சாதிக்கு ஒரு கதவு வேண்டாமா? சிரிப்பதென்றாலும் அளந்து சிரிக்கவேண்டும். சண்டை பிடிப்பது அதைவிடக் கஷ்டம். எனக்கோ சத்தம் போடாமல் கோபிக்கத் தெரியாது.

கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டு நடத்துகிற அண்ணை ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம்தான். எந்நேரமும் இஸ்திரி போட்ட சேட்டு, எல்லாருடைய விசயமும் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அவர்தான் ஒரேத்தோவில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். இரண்டு அறை, சமைக்கச் சொந்தக் குசினி, வாடகை நாலரை இலட்சம். வீட்டுக்காரி அவருக்குத் தெரிந்த மனுசி, மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். போய்ப் பார்த்தேன். குசினிக் கதவை ஒருதரம் சாத்தித் திறந்து பார்த்தேன். அதோடு எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மற்றக் குடும்பம் கடற்கரைக்குப் போயிருந்த நேரம், சம்பளக் கடதாசியைக் கட்டிலில் விரித்துக்கொண்டு நானும் கணவரும் கணக்குப் பார்க்க இருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"இது ஓய்வூதியம். நீர் கிழவியானாப் பிறகு திரும்பி வரும்."

"அதுவரைக்கும் வீட்டுக்காரி வாடகைக்குக் காத்துக்கொண்டிருப்பாவோ?"

"இது வரி. ரோட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும்."

"எங்கட ரோட்டைப் பாத்தனீங்களே? குழிக்கு மேல குழி. உதுக்கோ இவ்வளவும்?"

"நான் என்ன, மந்திரியே? பொறுமையாக் கேளும்."

கைக்கு வருகிற தொகையிலிருந்து வாடகையைக் கழித்தோம். இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனுக்கும் அனுப்புவதைக் கழித்தோம். சாப்பாடு, பஸ், தொலைபேசி. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் மாதம் அறுபதினாயிரம் லீரா துண்டு விழுந்தது. ஊருக்கு அனுப்புவதில் கைவைக்க இரண்டு பேருக்கும் மனம் இல்லை. மீனை விட்டால் என்ன என்று அவர் கேட்டார். மன்னாராளிடம் கேட்கிற கேள்வியா அது?

கடதாசியைத் திரும்ப ஒருதரம் மேலிருந்து வாசிக்கச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன், வரி வரியாக இறங்கிய விரல் ஓரிடத்தில் மட்டும் ஒரு வரியைத் தாண்டிக் கீழே போனது. எனக்கு இத்தாலியன் வாசிக்கத்தான் தெரியாது, கண் தெரியும்.

"உதென்ன, விட்டிட்டுப் போறியள்?"

"அது எங்களுக்கில்லை. சைபர்."

"ஏன் சைபர்?"

"சைபர் எண்டா சைபர்தான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கறி பிடிக்கிறதென்று எழும்பிப் போனார். கறி ஒன்றும் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்த வரியில் விரலை வைத்தபடியே கணக்குக்கார சிஞ்ஞோராவிடம் போனேன். வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ உழைக்கிறவரின் பொறுப்பில் இருந்தால் ஆ காரிக்கோ, அவருடைய சுமையில் இருப்பவர், என்பார்களாம். அப்படி இருந்தால் உழைக்கிறவருக்கு வரியைக் குறைப்பார்களாம். நான் வேலைக்குச் சேரும்போது வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிவந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். உங்கள் பொறுப்பில் யாராவது உண்டா என்ற இடத்தில், என் கணவரின் அச்சுப்போன்ற எழுத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"உன் புருசனுக்கு எவ்வளவு வருமானம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்றேன். எத்தனையோ பேரிடம் மறைத்ததை ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் கணக்கு இயந்திரத்தைத் தட்டினார். மாதம் எழுபதினாயிரத்துக்குக் கிட்டக் கூட வரும் என்றார். போன மாதங்களில் கூடுதலாக வெட்டியதும் டிசம்பரில் திரும்பி வருமாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தனக்கு வருமானம் இல்லை என்று கணவர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

அன்று பின்னேரம் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பிடித்த சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். முழுச் சண்டையும் குசுகுசுத்தே பிடித்தோம்.

"இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டே இருந்தியள், என்ன?"

"தெரியும்."

"கண்டறியாத ரோசம்! வருமானம் இல்லையெண்டா இல்லைதானே?"

அவர் தோய்த்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பை விடாமலே சொன்னார்: "சமைக்கிறன். உம்மட சட்டையைத் தோய்க்கிறன். அதெல்லாம் எனக்குப் பாரமில்லை. ஆனா மனிசியின்ரை உழைப்பிலை சாப்பிடுறன் எண்டு என்ரை கையாலை எழுதச் சொல்லாதையும். செய்யிறது வேறை, எழுதுறது வேறை."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் அழுதுவிடுவேன். அழுகையோடு கேட்டேன்: "ஊரிலை நீங்கள் உழைச்சு நான் இருந்து சாப்பிட்டனான். அப்ப நான் உங்களுக்கு ஆராயிருந்தனான்? தலையிலை வந்த சுமையோ?"

அவர் மடித்து வைத்த சட்டையையே திரும்ப உதறி மடித்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

காலையில் நான் சப்பாத்துப் போடும்போது தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினார். "எந்த இடத்திலை கையெழுத்து வைக்கோணும்?" என்று கேட்டார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, ஆயத்தமாகவே நின்றார். கணக்குக்கார சிஞ்ஞோராவின் முன்னால் அவர் அந்த ஒரு வரியை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கேட்காதீர்கள். எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டு அந்த மனுசிக்கு நன்றி வேறு சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஹோட்டல் என்று பார்த்துப் பேசாமல் நின்றேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, வீட்டை எழுதிக்கொள்ள ஒரேத்தோவுக்குப் போனோம். கதைத்துத் தருவதற்கு அண்ணையும் கூட வந்தார். வீட்டுக்காரி வயதான மனுசி, விறைப்பானவர். என் சம்பளக் கடதாசியை வாங்கி வைத்துக்கொண்டு, வாடகை ஒழுங்காக வருமா என்று கேட்டார். எங்கள் அண்ணை விடுவாரா? "சிஞ்ஞோரா, இரண்டு பேரும் வேலை. இவர் அலுவலகத்தில் எழுத்து வேலை" என்று இத்தாலியனில் முழங்கினார்.

"அப்படியா? நல்லது. அப்போ அவருடைய கடதாசியையும் தாருங்கள்" என்றார் வீட்டுக்காரி.

கடதாசி இல்லையென்று மட்டும் சொன்னால் பொய்க்காரர் என்று வீடு கைவிட்டுப் போகும். உண்மையைச் சொன்னால் நாளைக்குக் கோயில் முழுவதும் கதை போகும். எதையாவது சொல்லிச் சமாளிப்போம் என்று நான் வாயைத் திறக்க, என் கணவர் கதிரையை விட்டு எழும்பினார். பேச வராத அந்த இத்தாலியனில், சொல் சொல்லாகச் சொன்னார்:

"எனக்கு வேலை இல்லை, சிஞ்ஞோரா. மனைவி உழைக்கிறார். நான் ஆ காரிக்கோ. அவருடைய கடதாசியில் நானும் இருக்கிறேன், பாருங்கள்."

அந்த மாதக் கடதாசியில் சைபர் இல்லை. வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டு அந்த வரியைப் பார்த்தார், அடியில் நெத்தோவைப் பார்த்தார், என் கணவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வாடகை ஐந்தாம் தேதிக்குப் பிந்தக்கூடாது என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் கோப்பி போட உள்ளே போனார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை வாயே திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. நாளைக்குப் பூசை முடிய என்னென்ன கதை கட்டப்போகிறாரோ! கட்டட்டும், என் மனுசனைப் பற்றி ஒரு சொல்லு வந்தால் நானும் நாலு சொல்லுக் கொடுப்பேன் என்று தயாராகவே நின்றேன். ரயில் நிலையத்தடியில் சனம் இறங்கி இடம் வந்தது. அண்ணை மெல்ல என் கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பாட்டுக்காரக் குரலை அப்படித் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"தம்பி, அந்தப் பேப்பர் எங்கை எடுக்கிறது?"

"எந்தப் பேப்பர் அண்ணை?"

"அதுதான்... மனிசியின்ரை பேப்பரிலை எங்களைப் போடுறது." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் வேலைக்கு நிண்ட ரெஸ்ரோறன்ற் பூட்டிக் கனகாலம். மனிசி கிளினிக்கிலை காலமையும் பின்னேரமும் ரண்டு நேரமும் நிக்கிறா. நான் விடிய வெளிக்கிட்டுக் கடற்கரையிலை போய் இருந்திட்டு வாறன்."

நாலு சொல்லோடு நின்ற எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என் கணவர் அண்ணையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவவின்ரை வேலையிடத்திலை கேட்டாத் தருவினம் அண்ணை. வீட்டை கொண்டு வாங்கோ, நான் நிரப்பித் தாறன். கையெழுத்து வைக்கிற இடத்திலைதான் கை கொஞ்சம் நடுங்கும். பிறகு ஒண்டுமில்லை."