சனிக்கிழமைச் சோகப் பாட்டு

என் வானொலி வாழ்க்கையின் முதல் புகார் போன மாதம் வந்து சேர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்ன இணைய வானொலியில், சனிக்கிழமை காலைகளில் நான் பழைய ஆங்கிலப் பாட்டுகள் போடுவது உங்களில் சிலருக்குத் தெரியும். கன்ட்ரி, ஈஸி லிசனிங்... காபியோடு கேட்க இதமாக இருக்கும் என்று நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

போன் செய்தவர் கலா. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. சனிக்கிழமைகளில் அங்கே ஸ்பீக்கரில் ஓடுவது என் நிகழ்ச்சிதானாம். எனக்கு ஒரே பெருமை – அடுத்த வாக்கியம் வரைக்கும். புதிதாக வந்திருக்கும் புஷ்பா என்ற அம்மா, போன வாரம் என் பாட்டைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாராம்.

“ஏற்கெனவே அவங்க யார்கிட்டயும் பேசமாட்டாங்க, சார். கொஞ்சம் ஹேப்பியா போடுங்க லா,” என்றார் கலா.

எந்தப் பாட்டு என்று தேடிப் பார்த்தேன். தூர ஊரில் லோரி ஓட்டும் அப்பா வீட்டுக்குப் போன் செய்கிறார்; குழந்தைக்கு அவர் குரல் அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருடமாக நான் அதில் கிட்டாரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்!

அந்த வாரம் முழுக்கத் தேடல்தான். நீங்களே சொல்லுங்கள், கன்ட்ரியில் சிரித்த முகத்தோடு முடிகிற பாட்டு எத்தனை இருக்கிறது? மனைவி பெட்டியோடு கிளம்புகிறாள். நாய் சாகிறது. மதுப்புட்டி காலியாகிறது... ஈஸி லிசனிங் பரவாயில்லை. அங்கேயும் பிரிகிறார்கள் – வயலின் பின்னணியில், மெதுவாக.

ஒருவழியாக, கைதட்டிப் பாடுகிற பாட்டுகளாகவே பொறுக்கி எடுத்தேன். சனிக்கிழமை அவற்றை ஒலிபரப்பியபோது, ஷாப்பிங் மால் லிஃப்டில் மாட்டிக்கொண்டது போல எனக்கே இருந்தது.

பாதி நிகழ்ச்சியில் போன். புஷ்பாவேதான். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். தெலுக் பங்லிமா காராங்கில் பேக்டரி வேலை பார்த்தவராம். உடம்பு முடியாமல் விட்டுவிட்டாராம்.

அழ வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். அந்த ஆளு வீட்டை நெனச்சு ஏங்குறார்னு தெரிஞ்சுச்சு. இந்த வியாதி வந்ததுலேர்ந்து நான் அழுததே இல்ல, சார். பிள்ளைங்க பயந்துடுங்க. அன்னைக்குத்தான் அழுதேன்.”



அவர் அழுததைப் பார்த்த பக்கத்து நாற்காலிப் பெண்மணி, என்ன ஏது என்று விசாரித்தாராம். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. இப்போது கலா வந்து அடக்கிப் பேசச் சொல்கிற அளவுக்கு இருவரும் பேசுகிறார்களாம்.

“அந்தப் பாட்டையே போடுங்க. இன்னைக்குப் போட்டதும் நல்லாத்தான் இருக்கு... ஆனா கல்யாண மண்டபத்துல உட்கார்ந்திருக்க மாதிரி இருக்கு.”

உற்சாகமான பாட்டுதான் மனதைத் தேற்றும் என்று நமக்கு யார் சொன்னது? சொந்தக் கஷ்டத்துக்கு அழ முடியாதபோது, முன்பின் தெரியாத ஒரு லோரிக்காரரின் கஷ்டம் எவ்வளவு கைகொடுக்கிறது!

நான் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கலா போனை வாங்கினார். தாராளமாகப் போடலாமாம். ஒரே ஒரு நிபந்தனை – காலையில் ஊசி ஏற்றுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம். அவருக்கே கை நடுங்குகிறதாம்.

ஆகவே இப்போதெல்லாம் என் நிகழ்ச்சியின் முதல் அரை மணி நேரத்தில் யாரும் யாரையும் விட்டுப் பிரிவதில்லை. அதற்குப் பிறகு... நான் பொறுப்பல்ல.